உக்குவளையிலிருந்து ஐந்து சொட்டு

பிள்ளைகளே, அப்பா வெளிநாடு போய் வந்தேன் என்றதும் நீங்கள் கேட்டது சாக்லேட்டும் யானைப் படமும்தான். யானையைப் பார்க்கவில்லை. சாக்லேட் வைத்த பை மழையில் நனைந்து போனது. நான் போனது இலங்கையில் மாத்தளை மாவட்டத்திலுள்ள உக்குவளைக்கு, விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை வாங்கி வர. நான் பத்தாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சிரிக்கிற இடம் குறைவாகத்தான் இருக்கும். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் சாயங்கள் செய்கிறார்கள். துணிக்குப் போடுகிற சாயம் இல்லை. ரத்தம் பார்க்கிற சாயம். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. ஒரு துளி ரத்தத்தில் இருக்கும் அணுக்களை அது ஒற்றை வரிசையாக்கி, மெல்லிய நீரோட்டத்தில் ஒவ்வொன்றாக ஓடவிடும். ஓடுகிற ஒவ்வொன்றின் மேலும் லேசர் ஒளி படும். அணுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எது நல்லது, எது நோய் பிடித்தது என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் சாயம். இன்ன வகை அணுவில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் உண்டு. அவற்றின் முதுகில் சாயத்தை ஏற்றி அனுப்புவார்கள். லேசர் பட்டதும் அந்த அணு மட்டும் பச்சையாகவோ சிவப்பாகவோ மின்னும். இயந்திரம் பார்த்து எண்ணிக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பத்து வகை அணுக்களை ஒரே தடவையில் பார்க்கப் பத்து நிறம் வேண்டும். ஒரு நிறத்தின் ஒளி பக்கத்து நிறத்தின் மேல் வழிந்தால் கணக்கு குழம்பிவிடும். உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் சாயங்காலம் ஆரஞ்சுச் சட்டை அணியையும் சிவப்புச் சட்டை அணியையும் பிரித்துப் பார்க்க முடியாமல் நடுவர் திண்டாடினாரே, அந்த மாதிரி. அதனால் புதுச் சாயம் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பளிச்சென்று ஒளிர வேண்டும், பக்கத்தில் வழியக் கூடாது, செய்தது கெடாமல் இருக்க வேண்டும். சாயங்களுக்கு முதல் எதிரி வெளிச்சம். வெளிச்சத்தில் விட்டால் வெளுத்துவிடும். குப்பிகளைக் கழுவுவதும், நிரப்பிய குப்பிகளுக்கு வெளிச்சம் புகாமல் தாள் சுற்றுவதும்தான் என் வேலை.

நிரோஷா அங்கே ஆய்வு செய்ய வந்த பெண். உக்குவளைக்காரி. எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவள் மட்டும் ‘அண்ணே’ என்பாள். எத்தனையோ தடவை தோற்று, ஒரு நாள் அவள் செய்த சாயம் ஒளிர்ந்தது. அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சை அடித்தாள். கொய்யாப் பழத்தின் உள்சதை நிறம். அந்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குக் காட்ட ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துப் போனாள். திரும்பி வந்த மறு மாதம் காய்ச்சல். நான்காவது நாள் இறந்துவிட்டாள்.

இங்கே மீதியிருந்ததெல்லாம் சோதனைகளில் தீர்ந்தது. அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்து அதே சாயத்தைத் திரும்பச் செய்தார்கள். வந்தது, ஆனால் மங்கலாக வந்தது. எத்தனை தடவை செய்தும் மங்கல்தான். என்ன செய்தோ அந்த ஒளியைக் கொண்டுவந்தாள், அதை எழுதாமல் விட்டிருந்தாள். ஓராண்டு கழித்து அவளுடைய அம்மா போனில், “அவ குடுத்த போத்தல் இங்கதான் இருக்குங்க, கறுப்புத் தாள் சுத்தி அல்மாரிக்குள்ள” என்று சொன்னதும் ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடம் எழுந்தே நின்றுவிட்டார். மூலக்கூறுகளை எடைபோட்டுப் பார்க்கும் இயந்திரத்தில் சில சொட்டு வைத்தால் போதும், அவள் செய்ததில் என்ன வித்தியாசம் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் கட்டுரை வெளிவரும். முதல் பெயர் நிரோஷாவின் பெயர்தான் என்று மேடம் அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். தபாலில் அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை, ஆள் வந்தால் தருகிறோம் என்றார்கள். குப்பியைப் பிடிக்கத் தெரிந்த ஆள், தமிழ் பேசுகிற ஆள் என்று என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கியபோது நல்ல மழை. ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்காமல், பஸ் கிளம்புகிற அவசரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நம் ஊரில் ஏறிவிட்டால் யாராவது இடம் கேட்டுச் சண்டை போடுவார்கள், அதிலேயே பஸ் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அங்கே எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். வெகுதூரம் போன பிறகு நடத்துநர் என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் “உக்குவளை” என்றேன். அவர் சொன்னதைக் கேட்டு பஸ்ஸே சிரித்தது. பக்கத்திலிருந்த டீச்சரம்மா தமிழில் சொன்னார்: “இது யட்டவத்த பஸ். ஐயாவோட ஊரு பின்னால போய்க்கிட்டிருக்கு, ஐயா முன்னால பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காருன்னு சொல்றார்.” சிரித்தாலும் நடத்துநர் நல்லவர். எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, என் குளிர்பெட்டியைத் தானே தூக்கி ஏற்றிவிட்டார்.

உக்குவளையில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். மீன் வைத்துச் சுட்ட ரொட்டியும், பால் சேர்க்காத பிளேன்டீயும். நம் ஊர்த் தேநீரை நினைத்துக்கொண்டு குடித்தேன், முதல் வாய் கசந்தது, இரண்டாவது கோப்பை நானே கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்கிறார்கள், கடைக்கார நானாவிடம் நிரோஷாவின் அப்பா வீட்டுக்கு வழி கேட்டேன்.

“மருதமுத்துட ஊடா? அந்தா, அந்த ஏத்தத்துல ஈக்கி.” அவர் என் பெட்டியைப் பார்த்தார். “மௌத்தான புள்ளட சாமானா?” இறந்துபோன பிள்ளையின் சாமானா என்கிறார்.

“இல்லீங்க. எடுத்துட்டுப் போக வந்தேன்.”

“அவரு முந்தி காலையில இங்கதான் டீ குடிப்பாரு. அந்தப் புள்ள போனதுலேந்து வாரல்ல. மிளகுக் கடைக்காரன் ரெண்டு தரம் ஆள் அனுப்பினான். போகல்ல.” பிளேன்டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மருதமுத்து அண்ணனுக்கு அறுபது இருக்கும். மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கிட்டங்கியில் முப்பது வருடம் காயப்போடும் வேலை பார்த்தவர். அங்கே முன்வாசல் நிழலிடத்தை இஸ்தோப்பு என்கிறார்கள். அதில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பார்வதி அக்கா தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எனக்காக லீவு போட்டிருந்தார்.

“வாங்க தம்பி. ஒங்க பேச்சு படத்துல கேக்குற மாதிரியே இருக்கு” என்றார் அக்கா. அன்று குப்பியைத் தரவில்லை. “இன்னைக்கு செவ்வாய்க்கெழம. வீட்டுலருந்து ஒண்ணும் வெளிய குடுக்க மாட்டோம். நாளைக்கு எடுத்துக்கங்க.” நம் வீட்டிலும் உங்கள் அம்மா இதைத்தான் சொல்வாள் என்றேன். லேசாகச் சிரித்தார். ஈரப்பலாக்காய்க் கறியும், பருப்பும், தேங்காய்ச் சம்பலும், சோறும் போட்டார். ஈரப்பலாவை நம் பக்கம் அவ்வளவாகச் சமைப்பதில்லை. உருளைக்கிழங்கும் பலாக்கொட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. அண்ணன் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார். சுவரில் நிரோஷாவின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் அந்த வீட்டில் எந்தப் பக்கமும் உட்கார முடியாது.

மறுநாள் காலையிலும் தூறல். அண்ணன் கொஞ்சம் தெளிவாக இருந்தார். ஒரு தட்டில் இரண்டு குவியல் மிளகு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இதுல எது காஞ்சது சொல்லுங்க பாப்பம்.”

இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஒன்றைக் காட்டினேன்.

“கெட்டுச்சு போங்க! ஒங்ககிட்ட மிளகு வாங்கினா கட முழுக்க பூஞ்சணம்தான்.” ஒரு மிளகை என் காதருகே நகத்தால் உடைத்தார். படக்கென்று சத்தம் வந்தது. “காஞ்சதுன்னா இப்புடிப் பேசும். இந்த ஊரு ஈரம் பொல்லாதது தம்பி. துணி, புத்தகம், செருப்பு, எதையும் விடாது. வெயில் காட்டினாத்தான் எதுவும் நிக்கும்.”

“போதும், அவரு படிச்சவங்களோட வேல பாக்குறவரு” என்று அக்கா கேலி செய்தார்.

பிறகு உள்ளறைக்குப் போனோம். அக்கா அல்மாரியைத் திறந்து, மடித்த சேலைகளுக்கு அடியிலிருந்து கறுப்புத் தாள் சுற்றிய குப்பியை எடுத்தார். இருட்டு, குளிர்ச்சி, கறுப்புத் தாள். எங்கள் கூடத்தில்கூட இப்படிப் பத்திரமாக வைத்திருக்க மாட்டோம். “நல்லா வச்சிருக்கீங்கக்கா” என்றேன். அவர் சேலைகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

கையில் வாங்கியதும் எனக்கு என்னவோ போல இருந்தது. தினமும் தாள் சுற்றுகிறவன் நான். ஒரு தடவை சுற்றிய தாள் விறைப்பாக இருக்கும். இது பலமுறை பிரித்துச் சுற்றி, துணி மாதிரி துவண்டிருந்தது.

ஜன்னலை மூடி, கதவுக்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். தாளைப் பிரித்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய சாயம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஊதா டார்ச்சை அடித்தேன். என் வெள்ளைச் சட்டை மின்னியது. அண்ணனின் வேட்டி மின்னியது. குப்பி மட்டும் மின்னவில்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன், சாய்த்துப் பிடித்தேன், குப்பியைக் குலுக்கினேன். ஒன்றுமில்லை.

“எப்புடித் தம்பி? நல்லா இருக்கா?” அண்ணனின் குரல் இருட்டில் ஆவலாகக் கேட்டது. “பூஞ்சணம் புள்ளி விழல பாத்தீங்களா? நான் வெயில் காட்டிக்கிட்டே இருப்பேன். வெயில் வந்த நாளெல்லாம். இவ வேலைக்குப் போனதும் எடுத்துட்டுப் போயி, தாளப் பிரிச்சு, பாயில வச்சிட்டு பக்கத்துலயே இருப்பேன். பொழுது சாயத்தான் எடுப்பேன்.”

பார்வதி அக்கா எங்கே நிற்கிறார் என்று இருட்டில் தெரியவில்லை.

“லேப்ல வச்சுப் பாத்தாத்தானுங்கண்ணா தெரியும்” என்றேன்.

கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே குழாயடிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே துண்டோடு வந்தார். குழாயை நன்றாகத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு உள்ளே கேட்காமலிருக்க.

“போயிருச்சுதானே தம்பி?”

“ஆமாங்கக்கா.”

“எனக்குத் தெரியும். வெளிச்சமே படக்கூடாதும்மான்னு நிரோஷா சொல்லித்தான் என் கையில குடுத்தா.”

“அப்புறம் ஏங்கக்கா அண்ணங்கிட்டச் சொல்லல?”

அவர் துண்டை மடித்தார், பிரித்தார். “அவ போனதுக்கப்புறம் அந்த மனுசன் படுத்தவர் எந்திரிக்கவே இல்ல. குளிக்கல. நான் ஊட்டினாத்தான் சோறு. ஒரு நாள் வேலையிலருந்து வாறேன், வாசல்ல பாயப் போட்டு, நடுவுல அந்தப் போத்தல வச்சு, பக்கத்துல காக்கா வெரட்டக் கம்போட ஒக்காந்திருக்கார். ‘ஈரம் புடிச்சிரும் பார்வதி’ன்னார். அன்னைக்குக் குளிச்சிருந்தார் தம்பி. தேத்தண்ணி போட்டு வச்சிருந்தார், எனக்கும் சேத்து. நான் எப்புடிச் சொல்லுவேன்?”

“போன்லயாவது மேடத்துக்கிட்ட...”

“சொல்லத்தான் நெனச்சேன். அவரு பக்கத்துல நின்னாரு. பேரு வரும்னு கேட்டதும் அவர் மொகத்தப் பாத்தேன். ஒரு வேள நல்லா இருந்தாலும் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.” குழாயை மூடப் போனவர் கையை எடுத்துவிட்டார். “வெயில்னு மட்டும் அவர்கிட்டச் சொல்லிறாதீங்க. போத்தலயும் கொண்டு போயிறாதீங்க.”

சாயம் கெட்டுப்போயிருந்தாலும் எடுத்து வர வேண்டும் என்பதுதான் மேடம் சொன்னது. துண்டு துண்டாக உடைந்த கோப்பையைப் பார்த்துக் கோப்பை என்று சொல்லிவிடலாம், அப்படி அந்த மூலக்கூறிலும் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். திரும்ப உள்ளே வந்து, என் பழுப்புக் குப்பியில் ஐந்து சொட்டு எடுத்தேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

“என்ன தம்பி, சொட்டுக் கணக்கு? முழுசா கொண்டு போங்க. அவ பேரு வரணும்.”

“மெஷினுக்கு இதுவே ஜாஸ்திங்கண்ணா.” அது உண்மைதான். அன்று அண்ணனிடம் நான் பேசியதில் உண்மை அது ஒன்றுதான். “மீதி இங்கயே இருக்கட்டுங்க.”

“அப்ப நான் பாத்துக்கிறேன்” என்றார். கறுப்புத் தாளை அவரே சுற்றினார். நான் சுற்றுவதைவிட நேர்த்தியாகச் சுற்றினார்.

மூன்றாம் நாள் நான் கிளம்பும்போது வெயில் வந்துவிட்டது. மலைப்பக்கம் எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அக்கா பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் பொதி கட்டிக் கொடுத்தார். அண்ணன் பஸ் நிறுத்தம் வரை வருவார் என்று நினைத்தேன். அவர் வாசலில் பாய் விரித்து, பக்கத்து வீட்டார் கொடுத்த சாதிக்காய்களைப் பரப்பி, நடுவில் குப்பியை வைத்து, தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் வந்தப்புறம் மழ வந்தா யாரு எடுக்கிறது? போயிட்டு வாங்க தம்பி. முடிவு வந்ததும் போன் பண்ணுங்க.”

ஏற்றத்திலிருந்து இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். குப்பி வெயிலில் மின்னியது. எந்தக் கண்ணாடியும் வெயிலில் அப்படித்தான் மின்னும்.

இங்கே வந்து ஐந்து சொட்டையும் இயந்திரத்தில் வைத்தார்கள். கோப்பை உடைந்திருக்கவில்லை, மாவாகியிருந்தது. ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடத்திடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் இயந்திரத்தின் திரையை அணைத்தார். பிறகு நிரோஷாவின் குறிப்பேட்டை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, வேறு சாயத்தின் வேலையைத் தொடங்கச் சொன்னார். நிரோஷாவின் அப்பா கேட்டால் பழசாகிவிட்டது என்று சொல்லுங்கள் என்றார்.

பொய் சொல்லக் கூடாது என்று உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும் இல்லையா? போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“பழசாப் போச்சுங்கண்ணா. இவ்வளவு நாள் தாங்குற சாயம் இல்லீங்களாம்.”

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“தம்பி, போன ஐப்பசி கார்த்திகையில மழ விடவே இல்ல. ரெண்டு மாசம் நான் அத வெளிய எடுக்கல. அப்பதான் போயிருக்கும்.”

“அப்படியெல்லாம் இல்லீங்கண்ணா.”

“இல்ல, எனக்குத் தெரியும். முப்பது வருசம் காயப்போட்டவன். அடுப்புக்குப் பக்கத்துலயாவது வச்சிருக்கணும். நான்தான் விட்டுட்டேன். அவ பேரு என்னாலதான் போச்சு.”

பின்னாலிருந்து அக்கா, “போதும் போன வைங்க, தேத்தண்ணி ஆறுது” என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

“மிச்சம் இன்னும் இருக்குல்ல தம்பி” என்றார் அண்ணன். “இனிமே ஒரு வெயிலக்கூட விட மாட்டேன்.”

“சரிங்கண்ணா” என்றேன்.